ஊத்து வீட்டு டீச்சர்

மந்தைவெளியிலிருந்து அடையாறு பாலம் வரைக்கும் எந்தத் தெருவில் தோண்டினால் நல்ல தண்ணீர், எங்கே உப்பு, எங்கே வெறும் களிமண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மூணாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையாலேயே போர்க்கிணறு இறக்குகிற கைபோர் ஆட்களோடு கம்பி திருகப் போனேன். அப்புறம் சொந்தமாகப் போர் வண்டி வாங்கினேன். இன்றைக்கு மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் வைத்த வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் காலையில் குழாயைத் திறந்து முகம் கழுவுகிறவர்களில் பாதிப் பேர் நான் எடுத்துக் கொடுத்த தண்ணீரில்தான் கழுவுகிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

ஆனால் தண்ணீர் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் வண்டியும் இல்லை, வீடும் இல்லை. காட்டன் புடவை, காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். அப்படி ஒரு அம்மா, ஒரு இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருப்பார். அவர்தான்.

நான் அவரை டீச்சர் என்பேன். அவர் என்னைப் போர்க்காரரே என்பார். அத்தனை வருஷப் பழக்கத்துக்கு எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மாதா கோயில் பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை கிடையாது. ராஜா அண்ணாமலைபுரத்தில் பழைய தனி வீடு. அதில் பாதி பெங்களூரில் இருந்த கொழுந்தனுக்குச் சொந்தம். ஒரு வெயில் காலத்தில் கிணறு வற்றிப்போய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பின்பக்கம், கார் ஷெட்டை ஒட்டி இடம் பார்த்துப் போட்டேன்.

முதல் தண்ணீர் மேலே வந்ததும் வீட்டுப் பெண்மணி கையில் கொஞ்சம் ஊற்றிக் குடிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். மயிலாப்பூர் பக்கம் கற்பூரம் காட்டுவார்கள். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு கையை நீட்டினார். வெதுவெதுப்பாக இருந்தது. டீ நிறம். கெட்டுப்போன முட்டை வாடை. ஒரு வாய் குடித்தார். அப்படியே துப்பினார்.

"என்ன போர்க்காரரே இது? தண்ணியா, துருப்பிடிச்ச ஆணிய ஊறவச்ச கஷாயமா?"

என் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குத் தலை தாழ்ந்துபோனது. என் கை தப்பினது அபூர்வம். "இத்த மூடிடலாம் டீச்சர், முன்னாண்ட மூலையில வேற போட்டுத் தரேன்" என்று சொல்லி, அடுத்த வாரமே இளநீர் மாதிரி தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கத்துப் போரை மூட ஆள் அனுப்புகிறேன் என்றேன். வேலை மும்முரத்தில் அனுப்பவில்லை.

அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் தேய்க்கிற பொம்பளை முற்றம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணுக்கால் வீக்கம், பல மாதமாக. நாலைந்து நாள் அந்தத் தண்ணீரில் நின்று கழுவியதும் ஓடி வந்து சொன்னாளாம்: "யம்மோவ், நேத்து வரைக்கும் மாடிப்படி ஏற முடியல எனக்கு. இன்னிக்கு பாரேன்!" டீச்சர் விசிலை ஊதி அவளை வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓடவிட்டுப் பார்த்தார். ஓடினாள். அதுதான் ஆரம்பம். அந்தப் பொம்பளை தெருத் தெருவாகச் சொல்லிவிட்டாள். கார் ஷெட்டில் டைல்ஸ் ஒட்டின தொட்டிகள் வந்தன. ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம், நடுவில் பனையோலைத் தட்டி. பெயர்ப் பலகை எதுவும் இல்லை. ஊத்து வீடு என்று சொன்னால் மந்தைவெளி ஸ்டேஷன் வாசலில் எந்த ஆட்டோக்காரனும் கொண்டுவந்து விடுவான்.

தொட்டிக்குள் இறங்கும் முன்னால் டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எங்க வலி?"

பதில் சொன்னதும் அந்த ஊற்றின் வரலாறு ஆரம்பமாகிவிடும். நடந்துகொண்டேதான் சொல்வார். ஒரு தொட்டியில் ஆரம்பித்து, அடுத்த தொட்டிக்காரருக்கு வெந்நீர் ஊற்றி, துண்டை எடுத்துக் கொடியில் போட்டு, திரும்பி வந்து முடிப்பார். கேட்கிறவர்கள் கழுத்தை அங்கேயும் இங்கேயும் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். தண்ணீர் சரிப்படுத்துகிறதோ இல்லையோ, கழுத்துப் பிடிப்பு நிச்சயம் போய்விடும்.

நான் மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்த ஒரு நாள்தான் அதை முதலில் கேட்டேன். பட்டினப்பாக்கத்து மீன் வியாபாரி ஒருவர் தொட்டியில் இருந்தார். குதிகால் வலி. அவருக்கு டீச்சர் சொன்னார்: அந்தக் காலத்தில் ஒரு கப்பல் கரை தட்டியது. அதில் இருந்த ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பல்காரனுக்கு நங்கூரக் கயிறு சுற்றிக் குதிகால் பிய்ந்துவிட்டது. நொண்டிக்கொண்டே கரையேறி வந்தவன், ஈரம் கசிந்துகொண்டிருந்த இந்த இடத்தில் காலை வைத்தான். வைத்த காலை எடுக்க மனசே வரவில்லை. மூணாம் நாள் ஓடிப்போய்க் கப்பல் ஏறினான்.

"எந்தக் கால் டீச்சர்?" என்று கேட்டார் மீன்காரர்.

"உங்களுக்கு எந்தக் கால்?"

"எடது."

"அதே கால்தான்."

அடுத்த தடவை போனபோது மயிலாப்பூர் மாமி ஒருவர். முட்டி வலி. அவருக்குக் கப்பல் வரவில்லை. தேர் இழுத்தபோது வடத்தில் மாட்டி முட்டி நொறுங்கின ஒருவர் கனவில் அம்பாள் வந்து, கிழக்கே போய்த் தோண்டு என்று சொன்னாள். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ் குமாஸ்தா. நாள் முழுக்கக் குனிந்து எழுதி எழுதி முதுகு வில்லாகிப்போனவன்.

எனக்குப் பொறுக்கவில்லை. கையில் ஸ்பேனரோடு நேராகப் போய்க் கேட்டேன்.

"இன்னா டீச்சர், கப்பல்காரன் வரான், தேர்க்காரன் வரான், குமாஸ்தா கூட வரான். நான் எங்க? போர போட்டது நான்தானே?"

டீச்சர் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நீங்க போட்டது ஓட்டை, போர்க்காரரே. தண்ணி முன்னாடியே இருந்துச்சு."

சொல்லிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். என்னை அப்படி ஒரு ஆள் பேசினது கிடையாது. எத்தனையோ பெரிய மனுஷர்கள் நாற்காலி போட்டு உட்கார வைத்து மரியாதை பண்ணின ஆள் நான். அந்த ஒரு வார்த்தை பல வருஷம் செருப்புக்குள் மாட்டின கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் மோட்டார் நின்றுபோச்சு என்று போன் வந்தால் வேறு ஆளை அனுப்ப மாட்டேன். நானேதான் போவேன்.

பொய் சொல்லி ஏமாற்றுகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு நாள் பதில் கிடைத்தது. ஒரு பெண் தன் புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். சர்க்கரை வியாதி. கால் விரல் கறுத்திருந்தது. டீச்சர் பார்த்தார். கதை வரவில்லை. விசில்தான் வந்தது. தெருமுனை ஆட்டோவுக்குக் கேட்கிற மாதிரி ஊதினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போ. இப்பவே. இந்த வலிக்கு இங்க கதை கிடையாது" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே தொட்டியைக் காட்டினாள். டீச்சரே ஆட்டோவில் ஏறிக்கொண்டார். உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றபடியே போனார்.

ஆமாம், உட்காரவே மாட்டார். பறக்கும் ரயிலில் பெட்டி காலியாக இருந்தாலும் கதவோரம் நிற்பார். மாதா கோயில் பூசையில் கடைசி வரிசைக்கும் பின்னால் நிற்பார். தி.நகரில் மண்டபம் பிடித்து என் மகள் கல்யாணத்தை ஊரே பேசுகிற மாதிரி நடத்தினேன். டீச்சர் வந்தார். பந்தியில் உட்கார வைக்க என் வீட்டுக்காரி எவ்வளவோ பார்த்தாள். சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொண்டு பரிமாறப் போய்விட்டார்.

"குந்துங்க டீச்சர், எங்களுக்கு மரியாதைக் கொறைச்சலா கீது" என்று என் வீட்டுக்காரி கெஞ்சினாள்.

"உக்காந்தா நெனப்பு வந்துரும்மா" என்றார். அதோடு சரி.

அவர் வீட்டு ஹாலில் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அதன் மேல் எப்போதும் துவைத்த துணிக் கூடை. வீட்டுக்காரர் உட்காருகிற நாற்காலியாம். "செத்த நேரம் இப்படி வந்து உக்காரேன்" என்று அந்த மனுஷர் கடைசி வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாகப் பாத்திரம் தேய்க்கிற பொம்பளை சொன்னாள். அந்த ஊற்றில் ஊரே ஊறியது. டீச்சர் ஒரு விரலைக்கூட நனைத்து நான் பார்த்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பெங்களூர்க் கொழுந்தன் வந்து இறங்கினார். வயசாகிவிட்டது, என் பங்கு வேண்டும், வீட்டைப் பிளாட் கட்டுகிறவனுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். நியாயம்தான். அவர் பாதி அவருடையது. அதே சமயத்தில் கடற்கரை ரோட்டுப் பக்கம் விடுதி நடத்துகிற ஒரு கம்பெனி ஊத்து வீட்டைத் தேடி வந்தது. வீட்டைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறோம், தொட்டிகளைப் பளிங்கு மாதிரி ஆக்குகிறோம், டீச்சர் இருக்கிற வரைக்கும் அவர்தான் மேற்பார்வை என்றார்கள். வாடகை வந்தால் போதும், விற்க வேண்டாம் என்று கொழுந்தனும் ஒப்புக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள். ஊற்றின் வரலாறு. வாசலில் பலகை வைக்கவும், படம் பிடித்து உலகத்துக்கு அனுப்பவும்.

டீச்சர் எனக்குப் போன் பண்ணினார். போனில் பேசும்போதும் நடக்கிற சத்தம் கேட்டது.

"ஒரே கதை வேணுமாம், போர்க்காரரே. வர்றவங்க எல்லாருக்கும் அந்த ஒண்ணுதானாம்."

"எத்தையாவது ஒண்ண சொல்லிடுங்க டீச்சர். வீடு நிக்கும்ல?"

"எல்லாருக்கும் ஒரே எடத்துலயா வலி?"

அந்த வாரம் முழுக்க அவர் மொட்டை மாடியில் நடந்து நடந்து ஒரே கதையை ஒப்பிக்கப் பார்த்தார் என்றும், ஒவ்வொரு தடவையும் கப்பல்காரனில் ஆரம்பித்துக் குமாஸ்தாவில் போய் முடிந்தது என்றும் பாத்திரம் தேய்க்கிற பொம்பளை சொன்னாள்.

படம் பிடிக்கிற நாள் வந்தது. கம்பெனியிலிருந்து குடுமி வைத்த ஒரு தம்பி, கேமராவோடு வந்திருந்தான். வாடிக்கைக்காரர்களும் பேசினால் நன்றாக இருக்கும் என்று எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. மீன்காரர் கப்பலை ஆரம்பித்து நங்கூரத்துக்குக்கூட வரவில்லை, மாமி குறுக்கே பாய்ந்தார்.

"கப்பலாவது கிப்பலாவது! தேர் வடம் மாட்டிண்டு முட்டி பேந்துபோனவர் சொப்பனத்துல அம்பாள் வந்து சொன்ன எடம் இது. டீச்சரே எங்கிட்ட சொல்லியிருக்கா."

"இன்னா மாமி, சும்மா அட்ச்சி வுட்ற? டீச்சர் என்கிட்ட நேர்ல சொல்லிச்சு. கடல்ல போற ஆளு, எங்கள மாதிரி."

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க" என்றான் கம்ப்யூட்டர் பையன். "அது ஒரு பிரிட்டிஷ் ஆபீஸ் கிளார்க். முதுகு. ஆன்ட்டி எனக்கு டீடெயிலா சொல்லியிருக்காங்க."

"ஒனக்கு என்னடா தெரியும், நேத்து பொறந்தவன்!"

தொட்டிக்குள் இருந்தவர்கள் ஈரத் துண்டோடு எழுந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். தோள்பட்டை வலிக்காரர் ஒருவர் பல்லக்குத் தூக்கியைக் கொண்டுவந்தார். கைவிரல் வலிக்காரி வீணை வாசிக்கிறவளைக் கொண்டுவந்தாள். எனக்கே தெரியாத ஆட்களெல்லாம் அந்த ஊற்றுக்கு வந்து போயிருந்தார்கள். குடுமித் தம்பி கையைத் தூக்கினான்.

"மேடம், இதுல எது ஒரிஜினல்?"

டீச்சர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். நின்றார். எல்லார் முகத்தையும் பார்த்தார். யார் கதையை எடுத்தாலும் மற்றவர்களிடமிருந்து பிடுங்க வேண்டும். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"போர் போட்டப்ப போர்க்காரர் இருந்தாரு. அவரைக் கேளுங்க."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் அத்தனை வருஷம் காத்திருந்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றேன். உள்ளதைச் சொன்னேன். கப்பலும் இல்லை, தேரும் இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், நான்தான் போட்டேன், தண்ணீர் தப்பாக வந்தது, பாத்திரம் தேய்க்கிற பொம்பளைக்கு வீக்கம் வடிந்தது, அவ்வளவுதான் வரலாறு. என் கையாலே கேசிங் பைப் இறக்கினேன் என்று கையையும் காட்டினேன்.

அப்புறம் மாமி சொன்னார்: "இவருக்கு எல்லாமே இவர் போட்டதுதான். விட்டா கோயில் குளத்தையும் நான்தான் வெட்டினேன்ம்பார்!"

தட்டி அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். மீன்காரர் என் தோளில் கை போட்டு, "நைனா, நீ வந்து இப்டி குந்து" என்று இழுத்துப் போனார். குடுமித் தம்பி மரியாதையாகச் சொன்னான்: "சார், உங்க கதையும் நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் மேஜிக் கம்மி."

நான் சொன்ன உண்மையும் அங்கே இன்னொரு கதையாகப் போய்விட்டது. டீச்சர் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். "டைம் ஆச்சு. எல்லாரும் தலையத் துவட்டுங்க, சளி பிடிக்கும்."

சில வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. தெரு குறுகல், கார் நிறுத்த இடம் இல்லை, வீடு வேண்டாம் என்று. கப்பல்காரன் கதையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வீடு பிளாட்காரன் கைக்குப் போனது.

"நான் வாயத் தொறந்ததுனாலயா டீச்சர்?" என்று கேட்டேன்.

"போங்க போர்க்காரரே. உங்களை யாரு நம்பினா?"

பிளாட்காரனுக்கு இந்தப் பக்கத்தில் போர் என்றால் என்னைத்தான் தெரியும். பழைய போரை மூடிவிட்டு முன்பக்கம் ஆழமாகப் போடச் சொன்னான். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஜல்லியும் சிமென்ட்டும் நானே கொட்டினேன். அந்த முட்டை வாடை அப்போதும் வந்தது. டீச்சர் எதிர்ப் பிளாட்பாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து நான் திரும்பியபோது அங்கே இல்லை.

அதன் பிறகு என் மகன் என்னை அந்தக் கம்பெனியின் கடற்கரை ரோட்டு விடுதி ஒன்றுக்குக் கூட்டிப் போனான். வாசலிலேயே சிலை. கப்பல்காரன், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு. பக்கத்தில் பலகையில் ஊற்றின் வரலாறு, தங்க எழுத்தில். உள்ளே தண்ணீரில் கையை விட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுத்தம் பண்ணின லாரித் தண்ணீர். அதில் ஏதோ உப்பைப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இருப்புக் கொள்ளவில்லை. நேரே மந்தைவெளிக்குப் போனேன். டீச்சர் அங்கேதான் அண்ணன் மகள் பிளாட்டில் இருந்தார்.

கதவைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீச்சர் உட்கார்ந்திருந்தார். அதே பிரம்பு நாற்காலி. துணிக் கூடை இல்லை. காலில் ஷூ இல்லை. பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஆனால் அந்தப் பாதங்கள் அப்போதும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தன.

"உங்க கப்பல்காரன் அங்க சிலையா நிக்கிறான் டீச்சர்."

"எந்தக் காலைத் தூக்கியிருக்கான்?"

"வலது."

"அய்யய்யோ. எடதுல்ல?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், வெந்நீரில் காலை வைக்கச் சொன்னால் அத்தை மாட்டேன் என்கிறார் என்று அண்ணன் மகள் அடுக்களையிலிருந்து புகார் சொன்னாள்.

மறுநாள் என் வீட்டுப் போரிலிருந்து ஒரு கேன் பிடித்துக்கொண்டு போனேன். சாதாரண மாம்பலத்துத் தண்ணீர். சுடவைத்து வாளியில் ஊற்றி நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். டீச்சர் அசையவில்லை.

நான் கேட்டேன்: "எங்க வலி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நின்னுக்கிட்டு இருந்த வரைக்கும் எங்கயும் இல்ல, போர்க்காரரே." அப்புறம், "இந்தத் தண்ணிக்கு என்ன வரலாறு?" என்றார்.

என் கதையைத் தவிர வேறு கதை சொல்லிப் பழக்கம் இல்லாதவன் நான். நாக்கு புரளவில்லை. ஆனாலும் ஆரம்பித்தேன். "ஒரு காலத்துல ஒரு பொம்பள இருந்துச்சு டீச்சர். குந்தவே குந்தாது. ஊருல இருக்கிறவங்களையெல்லாம் குந்த வச்சி, அது மட்டும் நடந்துக்கினே இருந்துச்சு. கடசீல காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. அப்ப ஒரு எடத்துல வெதுவெதுன்னு தண்ணி வந்துச்சு. அதுல கால வச்சதும் அதுக்கு நெனப்பு வந்துச்சு. வந்தா வரட்டும்னு வுட்டுடுச்சு."

டீச்சர் ஒரு காலை வாளிக்குள் வைத்தார். அப்புறம் இன்னொரு காலை.

"அந்தத் தண்ணிய யாரு எடுத்தா?"

"யாரோ ஒரு ஆளு. அவன் போட்டது ஓட்டதான். தண்ணி முன்னாலயே இருந்துச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "தப்பு. கதைய ஒழுங்காச் சொல்லணும். ஒரு போர்க்காரரு வந்தாரு. கெட்டிக்காரரு, கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அவரு பேரு..." என்று நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"ஆமா, உங்க பேரு என்ன, போர்க்காரரே?"

சொன்னேன்.

ஒரு தடவை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். விசில் கழுத்தில்தான் இருந்தது. ஊதவில்லை. தண்ணீர் ஆறிப்போன பிறகும் எழுந்திருக்கவில்லை.